சலம் சொல்லப் பழக்கிறது எண்டா என்ன? குளத்தையும் துருசையும் வைச்சு ஒரு விளக்கம்

என்ர மூத்தவளுக்கு ஒண்டரை வயசு நடக்கேக்க சலம் வந்தா சொல்லிப்போட்டுப் போக அவளை எப்ப பழக்கிறது எண்டு எங்கட வீட்டில ஒரு சண்டை தொடங்கினது. அம்மம்மா ஒரு பக்கம், "எடி பிள்ளை, உன்ர கொம்மா ஒரு வயசிலயே ஒழுங்கா கேட்டவள், நீ இன்னும் பம்பஸைக் கட்டி வைச்சிருக்கிறாய்" எண்டுறா. வவுனியாவில இருக்கிற மச்சாள் போனில, "அவசரப்படுத்தாதேங்கோ மச்சாள், மூண்டு வயசு மட்டும் விடுங்கோ, தானாச் சொல்லுவாள்" எண்டுறா. பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, ரெண்டு அடி போட்டா ரெண்டு நாளில சரிவரும் எண்டு தீர்ப்பே சொல்லிட்டா. நான் பொட்டி, அதாவது பிள்ளை சலம் கக்காவுக்கு இருக்கிற சின்னச் சட்டி, வாங்கப்போறன் எண்டு சொல்ல அம்மம்மா "என்ன பெட்டி, இருக்கிற பெட்டி காணாதே?" எண்டு கேட்டது வேற கதை.

இதில அம்மம்மாவும் மச்சாளும் "பழக்கிறது" எண்ட ஒரே பேரை வைச்சு ரெண்டு வேற விசயத்தைத்தான் கதைச்சவை எண்டு எனக்கு விளங்கவே ஒரு வருசம் போட்டுது. மாமி சொன்னது மட்டும் முழுப்பிழை. அதைத்தான் எழுதப் பாக்கிறன், முதல் பிள்ளை வைச்சிருக்கிற ஆக்களுக்கு.

முதல்ல குளத்தைப் பாப்பம்

வன்னியில இருக்கிற ஆக்களுக்கு குளத்தைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. மாரியில குளம் நிரம்பினா வான் பாயும், அதாவது மிச்சத் தண்ணி அதுக்கெண்டு விட்ட வழியால வழிஞ்சு போகும், அதுக்கு ஒருத்தரும் போய் ஓடர் குடுக்கிறேல்ல, தண்ணி அந்த மட்டத்துக்கு வந்தா அதுபாட்டுக்குப் போகும். துருசு, அதாவது குளக்கட்டில இருக்கிற மதகு, அப்பிடியில்லை. வயலுக்குத் தண்ணி வேணும் எண்டு முடிவெடுத்து, ஒராள் போய்த் திறந்தாத்தான் வாய்க்காலுக்குள்ள தண்ணி வரும், வேண்டாமெண்டா பூட்டி வைக்கலாம். ஒரே குளம்தான், தண்ணி வெளியில போற வழி ரெண்டு.

பிள்ளையின்ர வயித்துக்கு அடியில இருக்கிற சிறுநீர்ப்பையும் இப்பிடி ஒரு குளம்தான், சலம் சேருற பை. ரெண்டு கிட்னியும் இரத்தத்தை வடிச்சு துளித்துளியா அதுக்குள்ள அனுப்பிக்கொண்டே இருக்கும். பையின்ர வாயில சுருக்குத்தசை இருக்கு, அதாவது சுருக்குப்பையின்ர நூல் மாதிரி இறுக்கிப் பிடிக்கிற தசை. அதில ரெண்டு. உள்ளுக்க இருக்கிறது எங்கட சொல்லுக் கேளாது, வெளியில இருக்கிறது கேட்கும். அந்த வெளித்தசைதான் துருசு.

பிறந்த பிள்ளைக்கு துருசு இருக்கு, ஆனா அதைத் திறந்து பூட்ட ஆள் இல்லை. பை நிறைஞ்சு சுவர் இழுபட, சுவரில இருக்கிற நரம்பு முண்ணாணுக்கு, அதாவது முதுகெலும்புக்குள்ளால ஓடுற நரம்புக் கத்தைக்குச் சேதி அனுப்பும், "அமத்து, வாயைத் திற" எண்டு கட்டளை திரும்பி வரும், யோசிச்சு முடிவெடுக்கிற மேல்மூளைக்கு இதில பங்கே இல்லை. இப்பிடி யோசிக்காமல் நடக்கிறதைத் தெறிவினை எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பியள், சூட்டுத் தாச்சியில கை பட்டோண்ண கை தானா இழுபடுறது மாதிரி. பிறந்த புதுசில ஒரு நாளைக்கு 20 தரம் வரைக்கும் இப்பிடி வான் பாயும்.

குளமும் சின்னன். வயசோட ஒண்டைக் கூட்டி 30 ஆல பெருக்கினா கிட்டத்தட்ட எத்தினை மில்லிலீற்றர் பிடிக்கும் எண்டு வரும், ரெண்டு வயசுக்கு 90, நாலு வயசுக்கு 150. ரெண்டு வயசுப் பிள்ளையின்ர குளம் நிறைஞ்சாலும் பிளேன்ரீக் கிளாஸ் ஒண்டு நிறையாது, அதை மறந்துபோட்டு "இப்பதானே போனனீ, திரும்பவுமோ" எண்டு கத்துறம்.

சுருக்கமாச் சொன்னா, குழந்தை சலம் பெய்யிறது வான் பாயிறது, அதில குழப்படியும் இல்லை கெட்டித்தனமும் இல்லை. பழக்கிறது எண்டுறது துருசடிக்கு ஒரு ஆளை அனுப்பிற வேலை.

துருசடியில ஆள் நிண்டாத்தான்

அந்த ஆள் வேற ஒருத்தருமில்லை, பிள்ளையின்ர மேல்மூளைதான். அதுக்கும் கீழ இருக்கிற பைக்கும் இடையில லைன் இழுபட்டு வேலைசெய்யத் தொடங்கிறது கனபேருக்கு ஒண்டரை வயசுக்கும் ரெண்டு வயசுக்கும் இடையில. முந்தியும் இருக்கலாம், பிந்தியும் இருக்கலாம். லைன் வரமுதல் அடிச்சாலும் லைன் வராது, மாமிக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இது.

லைன் வந்தாப் பிறகு பிள்ளை மூண்டு வேலை படிக்கவேணும். குளம் நிறையுது எண்டு உணரவேணும், உணர்ந்தாப் பிறகு கொஞ்ச நேரம் பூட்டி வைச்சிருக்கவேணும், பிறகு சரியான இடத்தில போய் இருந்து திறக்கவேணும். நாங்கள் எல்லாரும் பூட்டிறதுதான் கஷ்டம் எண்டு நினைக்கிறம், உண்மையில கனக்கப் பிள்ளையளுக்குத் திறக்கிறதுதான் கஷ்டம்.

இதை நீங்களும் கண்டிருப்பியள். பிள்ளையைப் பொட்டியில இருத்துவம், பத்து நிமிசம் இருக்கும், ஒரு சொட்டும் வராது, எழும்பி ரெண்டு அடி வைச்சோண்ண சீமெந்து நிலத்தில போகும். உடன எல்லாரும் "பார், வேணுமெண்டு செய்யிறாள்" எண்டுவினம். வேணுமெண்டு இல்லை. துருசு திறக்கிறதெண்டா அந்தத் தசையைத் தளரவிடவேணும், அம்மாவும் அம்மம்மாவும் சித்தியும் சுத்தி நிண்டு "பெய் பெய்" எண்டா தசை இன்னும் இறுகும் (நீங்களே பஸ் ஸ்ராண்ட் ரொய்லெட்டில வெளியில ஆள் நிண்டு கதவைத் தட்டேக்க போய்ப் பாருங்கோ). எழும்பினோண்ண அந்தப் பயம் விடுபடும், தசை தளரும், போகும். என்ர மகள் இப்பிடிச் செய்த அண்டைக்கு நான் கத்திப்போட்டன், இப்ப நினைக்க வெக்கமா இருக்கு.

அம்மம்மா சொன்னது பொய்யில்லை

அம்மம்மாவின்ர காலத்தில பிள்ளையை எப்பிடிப் பழக்கினவை? நிலத்தில காலை நீட்டி இருந்து, ரெண்டு பாதத்துக்கும் இடையில பிள்ளையை இருத்தி, "ஸ்ஸ்ஸ்" எண்டு சத்தம் குடுக்கிறது. காலமை எழும்பினோண்ண ஒருக்கா, பால் குடிச்சுக் கொஞ்சத்தால ஒருக்கா. சத்தமும் இருப்பும் கனநாள் ஒண்டா வர, அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைக்குத் தசை தளரும். இது உண்மையாவே வேலைசெய்யும். கிழக்கு ஆபிரிக்காவில டிகோ எண்ட மக்கள் பிறந்து சில கிழமையிலயே இப்பிடித் தொடங்கி, அஞ்சு ஆறு மாசத்தில பிள்ளையைக் கிட்டத்தட்ட நனையாமல் வைச்சிருக்கினம் எண்டு 1977 இல ஒரு ஆய்வு வந்தது.

ஆனா இதில ஆர் பழகினது எண்டு கேட்கவேணும். அம்மம்மாவின்ர கண்தான் பழகினது. பிள்ளை முகத்தைச் சுழிச்சா, திடீரெண்டு விளையாட்டை விட்டிட்டு நிண்டா, அவாக்கு விளங்கும், உடன தூக்குவா. அவா வயலுக்குப் போன நாளில பிள்ளை நனைச்சது, நான் கேட்டுக் கேட்டுத்தான் அதை ஒத்துக்கொண்டவா. துருசடியில நிண்டது பிள்ளையில்லை, அம்மம்மா.

மச்சாள் சொன்னது மற்றது, பிள்ளை தானா உணர்ந்து தானாப் போறது. 1962 இல பிரேசல்டன் எண்ட அமெரிக்கப் பிள்ளை வைத்தியர், பிள்ளை ஆயத்தமாகிற வரைக்கும் பாத்திருந்து பழக்கின 1,170 பிள்ளையளின்ர பதிவை எழுதினவர், அதில பகல் நனையாமல் வந்தது சராசரியா ரெண்டு வயசும் நாலு மாசமும் தாண்டி. ரெண்டு முறையும் பிழையில்லை. வீட்டில நாள் முழுக்க ஒராள் பிள்ளையோட இருந்தா அம்மம்மா முறை நல்லது, செலவும் இல்லை. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டில அது ஏலாது. எங்கட பிழை, அம்மம்மா முறையின்ர வயசை வைச்சு மச்சாள் முறைப் பிள்ளையை அளக்கிறது.

பம்பஸ் விசயமும் இதோடதான். உள்ளுக்க ஒரு பவுடர் இருக்கு, சலத்தை உறிஞ்சி ஜெலி மாதிரி ஆகிடும், தோலுக்கு ஈரம் தெரியாது. அதால நரம்பு பழுதாகும், மலடாகும் எண்டெல்லாம் சொல்லுற கதை சும்மா. நடக்கிறது இவ்வளவுதான்: "பெய்ஞ்சா நனையும்" எண்ட செய்தி பிள்ளைக்குப் போய்ச் சேராது. 2022 இல விலை ஏறினதோட எங்கட ஒழுங்கையில கனபேர் பழைய சேலைத் துணிக்குத் திரும்பினவை, அந்தப் பிள்ளையள் நனைஞ்சோண்ண காலை அகட்டிக்கொண்டு வந்து நிக்கிறதை நான் பாத்திருக்கிறன். செய்தி போய்ச் சேர்ந்திருக்கு.

இதுவரைக்கும் சொன்னது: தாய் நேரம் பாத்து இருத்துறது ஒண்டு, பிள்ளை தானா உணர்ந்து போறது இன்னொண்டு. முதலாவது சின்ன வயசிலயே வரும், ரெண்டாவதுக்கு லைன் வேணும்.

எப்ப தொடங்கலாம்

கலண்டரைப் பாக்காமல் பிள்ளையைப் பாருங்கோ. ரெண்டு மணித்தியாலம் நனைக்காமல் இருக்குதா, குந்தி எழும்புதா, "களுசானைக் கழட்டிப்போட்டு இஞ்ச வா" எண்டா ரெண்டையும் செய்யுதா, கக்கா வரேக்க கதவுக்குப் பின்னால போய் ஒளிக்குதா. ஒளிக்கிறது நல்ல அடையாளம், உணர்வு வந்திட்டுது எண்டு அர்த்தம். கனபேருக்கு இது ரெண்டுக்கும் மூண்டுக்கும் இடையில சேர்ந்து வரும், பெட்டையள் கொஞ்சம் முந்துவினம்.

இன்னொண்டு, காலம் பாருங்கோ. ஐப்பசி கார்த்திகையில தொடங்கினா உடுப்பு காயாது, பிள்ளை குளிரில கூடத்தரம் போகும், நீங்கள் விசராகிடுவியள். சித்திரை வெயிலில களுசான் இல்லாமல் அரைநாண் கொடியோட முத்தத்தில விட்டா தன்ர காலால ஒழுகிறதைத் தானே காணும், அதைவிட நல்ல பாடம் இல்லை. என்ன, அந்த நேரம் கிணத்தில தண்ணி அடியில நிக்கும், துடைக்கிற துணி தோய்க்கிறதுக்குக் கணக்குப் பாக்கவேணும். பிள்ளைக்குக் குடிக்கிற தண்ணியில மட்டும் கணக்குப் பாக்காதேங்கோ. சலத்துக்குப் பயந்து தண்ணியைக் குறைச்சா சலம் மஞ்சளாகி எரியும், எரிஞ்சா பிள்ளை அடக்கும், எல்லாம் தலைகீழாப் போகும்.

வீட்டில செய்யிறது

முதல்ல ஒரு சொல்லு முடிவெடுங்கோ. அம்மா "சலம்", அப்பா "சூ", அம்மம்மா "ஒண்டுக்கு" எண்டு சொன்னா பிள்ளை எதைப் பிடிக்கிறது? எங்கட வீட்டில "சூ" எண்டுதான் முடிவெடுத்தது, ஆனா இவர் பகிடிக்கு "வான் பாயுது, வான் பாயுது" எண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

எங்கட பக்கத்துக் கனக்க வீடுகளில கக்கூஸ் வளவின்ர மூலையில, இருட்டு, பல்லி, பெரிய ஓட்டை. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அந்த ஓட்டை கிணறு மாதிரித் தெரியும், விழுந்திடுவன் எண்டு நினைக்கும். அதால பொட்டியை முதல்ல விறாந்தையில வையுங்கோ. பழகினாப் பிறகு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக் கக்கூஸ் பக்கம் நகத்துங்கோ, கடைசியா உள்ளுக்க, பிறகு நீங்கள் பிடிச்சுக்கொண்டு குந்தவிடலாம். தனிய அனுப்பாதேங்கோ, போற வழியில கட்டில்லாத கிணறு இருந்தா சொல்லத் தேவையில்லை.

நேரம் எண்டா, எழும்பினோண்ண, சாப்பிட்டு கால் மணித்தியாலம் அரை மணித்தியாலத்தால, குளிக்கமுதல், படுக்கமுதல். ஒருக்கா இருத்தினா மூண்டு தொடக்கம் அஞ்சு நிமிசம் காணும். வரேல்லையெண்டா "பறவாயில்லை, பேந்து பாப்பம்". போனைக் குடுத்து அரை மணித்தியாலம் இருத்தி வைக்கிறது பழக்கிறதில்லை, அது போன் பாக்கிற கதிரை. பொடியனையும் முதல்ல இருத்தியே பழக்குங்கோ, நிண்டு பெய்யப் பிறகு தானா வரும். பெட்டைப் பிள்ளைக்குக் கழுவேக்க முன்னுக்கிருந்து பின்னுக்கு, மற்றப்பக்கமாக் கழுவினா கக்காக் கிருமி சலவாசலுக்குப் போகும்.

நனைச்சா? "சூ நிலத்தில போட்டுது, வா துடைப்பம்." அவ்வளவுதான். சூடு வைப்பன், பொலிஸிட்டப் பிடிச்சுக் குடுப்பன் எண்டு வெருட்டினா பிள்ளை சொல்லப் பழகாது, ஒளிக்கத்தான் பழகும்.

கக்கா வேற கணக்கு

சலம் பழகின பிள்ளை கக்காவுக்கு மட்டும் அடம்பிடிக்கிறது சரியான பொதுவான விசயம். சலம் அடக்கினா நிமிசக் கணக்கில வெளியில வந்திடும், கக்காவை நாள்கணக்கா அடக்கலாம். அதிலதான் பிரச்சினை.

ஒருக்கா இறுகிப் போகேக்க நொந்திட்டுது எண்டு வையுங்கோ. அடுத்தமுறை வரேக்க பிள்ளை காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில நிண்டு, முகம் சிவக்க நிக்கும். பாக்கிற ஆக்கள் முக்குது எண்டு நினைப்பினம், அது முக்கிறேல்ல, அடக்குது. அடக்கின கக்கா நேர்குடலுக்குள்ள, அதாவது குடலின்ர கடைசித் துண்டுக்குள்ள கிடக்கும், குடல் அதிலயிருந்து தண்ணியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வெயிலில காஞ்ச களிமண் மாதிரி இறுகும். இறுகினது போகேக்க இன்னும் நோகும், அதால இன்னும் அடக்கும். கனநாள் இப்பிடியே போனா நேர்குடல் இழுபட்டு விரிஞ்சு "நிறைஞ்சிட்டுது" எண்ட சேதியே அனுப்பாது, இறுகின கட்டியைச் சுத்தித் தண்ணியாக் கசிஞ்சு ஜங்கியில படும். வீட்டில இதைப் பாத்திட்டு "வயித்தாலடி" எண்டு மருந்து குடுப்பினம் அல்லது "ஊத்தைப் பிள்ளை" எண்டு பேசுவினம். ரெண்டும் பிழை, அது மலச்சிக்கல். பிள்ளைக்கு அது கசியிறதே தெரியாது.

அதால கக்காவுக்குப் பழக்கமுதல் கக்காவை இளக்குங்கோ. பப்பாப்பழம், வாழைப்பழம், கீரை, பயறு, தண்ணி. பால்மாவைக் குறைக்கவேணும், இது எங்கட ஆக்களுக்குச் சொன்னாக் கோவம் வரும், ஆனா ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல பால் குடிக்கிற பிள்ளை சோறு கறி தின்னாது, கக்காவும் இறுகும். சவுக்காரத் துண்டு, வெற்றிலைக் காம்பு எண்டு பின்னால வைக்கிற வேலை வேண்டாம், ஏற்கனவே பயந்த இடத்தில இன்னும் பயத்தை வைக்கிறது. ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா நொந்து நொந்து போகுதெண்டா கிளினிக்கில குடும்பநல உத்தியோகத்தரிட்டயோ டொக்டரிட்டயோ சொல்லுங்கோ, இளக்கிற மருந்து இருக்கு.

சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள இருத்தச் சொன்னதுக்கும் காரணம் இருக்கு. வயித்துக்குள்ள சாப்பாடு விழுந்தோண்ண பெருங்குடல் தானா அசையும், புதுச் சரக்கு வர பழையதைத் தள்ளுற மாதிரி. அந்த அசைவு வாற நேரம் பிள்ளை பொட்டியில இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. இருக்கேக்க பாதம் நிலத்தில படவேணும், முழங்கால் இடுப்பைவிட உயர நிக்கவேணும். நேர்குடலை ஒரு தசை கொக்கி மாதிரி வளைச்சு வைச்சிருக்கு, குந்தினா அந்த வளைவு நிமிரும், வழி நேராகும். கொமட்டில காலைத் தொங்கப்போட்டு இருத்தினா நிமிராது, காலுக்குக் கீழ ஒரு பலகைக்கட்டை வையுங்கோ. இந்த ஒரு விசயத்தில எங்கட குந்துற கக்கூஸை அடிக்க ஆளில்லை.

பொட்டியில இருக்கிறதை வேலிக்கு அங்கால எறியிறது இன்னும் நடக்குது. "சின்னப் பிள்ளையின்ர தானே" எண்டுவினம். அதில பெரிய ஆக்களின்ரயைப் போலவே கிருமியும் இருக்கும், பூச்சி முட்டையும் இருக்கும், கொழுக்கிப்புழு ஈரமண்ணிலயிருந்து வெறுங்காலுக்குள்ளால ஏறும். கக்கூஸுக்குள்ள ஊத்தி, கை சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ, பிள்ளையின்ர கையும் சேர்த்து.

ஒரே வரியில: சலத்துக்குப் பொறுமை காணும், கக்காவுக்கு முதல்ல நோகாமல் பாக்கவேணும்.

இரவு

பகல் பழகினா இரவும் பழகிடும் எண்டு நினைக்காதேங்கோ, அது வேற இயந்திரம். இரவில மூளை ஒரு ஓமோனைக் கூடச் சுரக்கும், ஓமோன் எண்டா இரத்தத்தோட போய் வேற உறுப்புக்கு வேலை சொல்லுற பொருள். இது கிட்னிக்கு "சலத்தைக் குறை" எண்டு சொல்லும். சில பிள்ளையளுக்கு இது கூடுறது பிந்தும், சில பிள்ளையள் செத்த பாம்பு மாதிரி நித்திரை, குளம் நிறைஞ்ச சேதி வந்தாலும் எழும்பாதுகள். அஞ்சு வயசிலயும் 100 பிள்ளையளில 15 பேரளவில பாயை நனைக்கினம். தாய் தேப்பனில ஒராளுக்குச் சின்னனில இருந்தா பிள்ளைக்கு வாற வாய்ப்பு 100 க்கு 40 ஐத் தாண்டும், ரெண்டு பேருக்கும் இருந்தா 70 ஐயும் தாண்டும். பிள்ளையைப் பேசமுதல் உங்கட மனிசனைப் பற்றி அவரின்ர தாயிட்டக் கேட்டுப் பாருங்கோ. ரப்பர் சீற்றைப் போடுங்கோ, படுக்கமுதல் ஒருக்கா இருத்துங்கோ, விடியத் துணி மாத்திறதை ஒரு கதையாக்காதேங்கோ.

பழகினது திரும்பிப் போனா

புதுத் தம்பி பிறந்தா, வீடு மாறினா, காய்ச்சல் வந்தா பழகின பிள்ளையும் திரும்ப நனைக்கும். 2009 இல முகாமில இருக்கேக்க என்ர அக்காவின்ர மகனுக்கு நாலு வயசு, ரெண்டு வருசமா ஒழுங்கா இருந்தவன், ஒவ்வொரு இரவும் நனைச்சவன். அக்கா ஒரு நாளும் பேசேல்ல, நனைஞ்ச துணியைக் கூடாரத்துக் கயித்தில ஒண்டும் நடக்காத மாதிரிக் காயப்போடுவா. வீடு திரும்பிக் கொஞ்சநாளில தானா நிண்டுது.

ஆனா சலம் போகேக்க அழுதா, காய்ச்சலோட சலம் மணத்தா, இரத்தம் தெரிஞ்சா, நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தா, திடீரெண்டு தண்ணி தண்ணி எண்டு குடிச்சு அளவுக்கு மிஞ்சிப் போனா, காலில பெலன் குறைஞ்சா, காத்திருக்காமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. நாலு வயசு தாண்டியும் பகலில பழகேல்லையெண்டாலும் ஒருக்காக் காட்டுங்கோ.

முன்பள்ளிக்கு விடேக்க வீட்டுச் சொல்லு என்ன எண்டு ரீச்சரிட்டச் சொல்லிவிடுங்கோ. நான் "சூ" எண்டு சொல்லிவிட்டனான். தை மாசம், உண்மையாவே குளமெல்லாம் நிரம்பி நிண்ட நேரம். மகள் முதல் நாளே எழும்பி, "ரீச்சர், வான் பாயப்போகுது" எண்டிருக்கிறாள். ரீச்சர் ஓடிப்போய்க் குளக்கட்டுப் பக்கம் எட்டிப் பாத்திட்டு வந்து, "இல்லையம்மா, அது நேற்றே பாய்ஞ்சிட்டுது" எண்டு சொல்லி முடிக்கமுதல் இஞ்சயும் பாய்ஞ்சிட்டுது.